தேன்மெழுகு என்றார்கள், கையில் வழுக்குகிறது

கேள்வி: பெரம்பூரில் வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். போன மாதம் 'சுத்தமான தேன்மெழுகு' என்று ஆன்லைனில் 5 கிலோ வாங்கினேன், பாரஃபினைவிட (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் சாதாரண மெழுகு) கொஞ்சம்தான் விலை கூடுதல். தேன் வாசனையே இல்லை. கண்ணாடிக் குவளையில் ஊற்றிய சோயா மெழுகும் பார்சலில் போகும்போது எண்ணெய் கசிந்துவிட்டது. எதைத்தான் வாங்குவது?

பதில்: விலையிலேயே பாதி பதில் இருக்கிறது. நல்ல தேன்மெழுகு பாரஃபினைவிடப் பல மடங்கு விலை, நீங்கள் கொடுத்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள். உருகுநிலையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது போதாது. தேன்மெழுகு 62-64 டிகிரியில் உருகும், அதே சூட்டில் உருகும் பாரஃபின் ரகமும் சந்தையில் உண்டு, கலப்படம் செய்பவருக்கு இது தெரியாதா என்ன! ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள்; தேன்மெழுகு என்றால் உடைந்த இடம் மங்கலாக, நுண்ணிய மணல்போல் இருக்கும், விரலால் பிசைந்தால் இளகி ஒட்டும். பாரஃபின் சோப்பு மாதிரி வழுக்கும்.

இன்னும் சந்தேகமா? தெரிந்தவரிடம் கொஞ்சம் அசல் மெழுகு வாங்கி, அதையும் உங்களுடையதையும் ஒரே டம்ளர் தண்ணீரில் போடுங்கள், இரண்டும் மிதக்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க, அசல் முதலில் கீழே போகும். மற்றது அதற்குப் பிறகும் மிதந்தால் பாரஃபின் சேர்ந்திருக்கிறது (பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது). படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

சோயா விஷயம் வேறு. குவளைக்கென்று விற்கும் சோயா மெழுகு பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டியே உருகும், கத்திரி வெயிலில் மூடிய டெலிவரி வண்டியில் அது என்ன பாடுபடும்? வாசனை எண்ணெயை அதிகம் ஊற்றினாலும் மெழுகு வியர்ப்பதுபோல் எண்ணெய் கசியும். கோடை பார்சலுக்கு, என்னைக் கேட்டால், பாரஃபின்தான். பாரிமுனைப் பக்கம் போய் '58-60, ஃபுல்லி ரிஃபைன்ட்' என்று கேளுங்கள், அந்த எண் உருகுநிலை. செமி ரிஃபைன்ட் மலிவு, ஆனால் அதில் எண்ணெய் கூடுதலாகத் தங்கியிருக்கும், வர்த்தி மென்மையாகிவிடும். அச்சில் ஊற்றும் வர்த்திக்குக் கொஞ்சம் ஸ்டியரிக் ஆசிட் சேர்த்தால் கெட்டியாகும், அச்சிலிருந்து எளிதாகவும் கழலும். பாரஃபின் என்றால் புகை வரும் என்று பயப்படாதீர்கள், திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டாலே பெருமளவு குறையும்.

கேள்வி: கோயம்பேட்டில் வாங்கிய ஆப்பிளைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாக மெழுகு வருகிறது. மெழுகுவர்த்தி மெழுகா?

பதில்: சுரண்டி மட்டும் அதைச் சொல்ல முடியாது. ஆப்பிளுக்கே இயற்கையாக மெழுகுப் பூச்சு உண்டு, பறித்த பிறகு விற்பனைக்காகக் கழுவும்போது அது போய்விடுவதால் மேலே புதிதாகப் பூசுகிறார்கள். தேன்மெழுகு, கார்னௌபா, அரக்கு ஆகியவற்றுக்கு அனுமதி இருக்கிறது, பூசியிருந்தால் அதைக் குறிப்பிடவும் வேண்டும். பெட்டியில் 901, 903, 904 என்ற எண்கள் இருந்தால் இந்த மூன்றும்தான். கார்னௌபா பிரேசிலின் ஒரு வகைப் பனையோலையில் எடுப்பது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் காருக்குப் போடும் பாலிஷிலும் இருக்கும், மிட்டாய் மினுமினுப்பிலும் இருக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் பூசிய மெழுகு போகாது. மனசு ஒப்பவில்லையென்றால் தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடுங்கள்.