வாசகர் கேள்வி பதில்: திக்கித் திக்கிப் பேசிய நடிகர்

? பத்தாவது படிக்கும் என் மகள், பால் மெஸ்கல் என்ற நடிகர் ஐரிஷில் பேசும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். ஐரிஷ் தனி மொழியா? ஒரு நடிகர் இரண்டு நிமிடம் பேசினால் ஒரு மொழிக்கு என்ன ஆகிவிடப் போகிறது?
- வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

தனி மொழிதான். ஆங்கிலத்தோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள், அயர்லாந்தின் அரசியல் சட்டம் அதைத்தான் முதல் ஆட்சிமொழி என்கிறது. 2022 கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேச வரும் என்றார்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் 72 ஆயிரம்கூட இல்லை. படித்தவர்கள் ஏன் பேசுவதில்லை? பெரிய காரணம் கூச்சம் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வீடியோ 2023இல் லண்டனில் நடந்த பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது விழாவில் எடுத்தது. டிஜி4 என்ற ஐரிஷ் சேனல் மைக்கை நீட்டியதும் மெஸ்கல் தயங்கினார், பள்ளியில் படித்தது மறந்துபோச்சு என்கிற மாதிரி சொன்னார், ஆனாலும் ஆங்கிலத்துக்கு ஓடிவிடாமல் ஐரிஷிலேயே பேசி முடித்தார். அதே சிவப்புக் கம்பளத்தில் இன்னொரு ஐரிஷ் நடிகரான பிரெண்டன் கிளீசனும் சரளமாகப் பேசினார், அவர் நடிக்க வருவதற்கு முன் ஐரிஷ் கற்பித்த ஆசிரியர். இருந்தும் ஊரெல்லாம் பரவியது மெஸ்கலின் தடுமாற்றம்தான். பார்த்தவர்கள் அதில் தங்களைப் பார்த்தார்கள். ‘உடைந்த ஐரிஷ், கெட்டிக்கார ஆங்கிலத்தைவிட மேல்’ என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. சொல்லிக்கொண்டே இருந்த அதை, உலகமே பார்க்கும் இடத்தில் ஒருவர் செய்துகாட்டினார்.

இது எனக்கு மனதில் தைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அல்சூரில் வளரும் என் அக்கா பையன், திருப்பத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் “குழம்பு ஸ்வல்ப போதும் மாமா” என்று சொல்லிவிட்டான், ‘கொஞ்சம்’ என்பதற்குப் பதில் கன்னடம் கலந்துவிட்டது. பந்தியே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். எட்டு வயதுதான் அப்போது. இப்போது கல்லூரிக்குப் போகிறான், இன்னும் அப்படித்தான்.

அதனால் உங்கள் மகள் பார்க்கட்டும், தடுக்காதீர்கள். அவள் தமிழில் தப்பாக ஏதாவது சொன்னால், முதலில் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், திருத்துவது அப்புறம்.

? நீகேப் என்று ஒரு ஐரிஷ் ராப் குழு. வரிக்கு வரி கெட்ட வார்த்தை, போதைப் பேச்சு. இதனால் மொழிக்கு நல்லதா கெட்டதா?
- வாசகர், விவேக் நகர், பெங்களூரு

அந்தப் பாட்டை நான் குழந்தைகள் முன்னால் போடமாட்டேன். ஆனாலும் நல்லது என்றுதான் சொல்வேன். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் உருவான குழு அது. அந்த நகரம் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, அங்கே ஐரிஷுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததே 2022இல்தான், அதுவும் வருஷக்கணக்கான சண்டைக்குப் பிறகு. முகமூடியோடு மேடையில் நிற்கும் அந்த டிஜே, முன்பு ஐரிஷ் வாத்தியார். பாடப் புத்தகத்திலும் கடற்கரைக் கிராமங்களிலும் இருக்கிற மொழி என்று பலர் நினைத்ததை, நகரத்துப் பையன்கள் கூத்தடிக்கவும் கோபப்படவும் எடுத்துக்கொண்டார்கள். திட்டவும் கேலி செய்யவும் வராத மொழியில் இருபது வயதுக்காரன் எத்தனை நாள் பேசுவான்?

? ஐரிஷ் நடிகை சர்ஷா ரோனன் (Saoirse Ronan) பெயரின் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இல்லையே?
- மாணவி, இந்திராநகர், பெங்களூரு

இருக்கிறது, ஐரிஷ் எழுத்துமுறைப்படி அது சரியான எழுத்துதான். ஆங்கில விதியில் படித்தால்தான் குழப்பம். அவர் ‘சர்ஷா’ என்கிறார், அயர்லாந்தில் ‘சீர்ஷா’ என்றும் சொல்வார்கள். பொருள் சுதந்திரம். அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளில் எத்தனையோ முறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், எழுத்தை மட்டும் மாற்றவில்லை. உங்கள் பெயரில் ‘ழ’ இருக்கிறது என்று கடிதத்தில் பார்த்தேன். நாளைக்கு ஆபீஸில் யாராவது சுருக்கச் சொன்னால் சுருக்காதீர்கள், இரண்டு தடவை சொல்லிக்கொடுங்கள், வந்துவிடும்.