நியூஜெர்சி ஏபி வேறு, நம் ஊர் ஏபி வேறு

வணக்கம் அம்மா. நியூஜெர்சியில் உங்கள் அக்கா மகன் பள்ளியிலேயே காலேஜ் பாடம் படித்து கிரெடிட் வாங்கிவிட்டான், இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பத்தாம் கிரேடு படிக்கும் நம் பெண் பின்தங்கிவிடுவாளோ என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு ஊரிலும் ஏபி என்றே பெயர், அதுதான் வம்பு. அவன் எழுதியது காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பின் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். மே மாதத் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண்ணுக்கு அங்கே பல கல்லூரிகள் கிரெடிட் தரும். இங்கே ஏபி மேத்ஸ் என்றால் ஐஇபி என்ற தனியார் தேர்வு வாரியம் நடத்தும் அட்வான்ஸ்டு புரோகிராம். மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் கிரேடு முடிவுத் தேர்வில், சேராத தனிச் சான்றிதழ். இதை எழுதினால் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் குறையும் என்று எண்ணிச் சேர்க்காதீர்கள்.

பிறகு எதற்கு என்பீர்கள். மெட்ரிக் கணக்கில் டிஃபரன்ஷியேஷன் (வகையிடல்) உண்டு, இன்டெக்ரேஷன் (தொகையிடல்) கிடையாது. இன்ஜினியரிங் முதலாண்டில் அது வந்து நிற்கும்போது பல பிள்ளைகள் திணறுகிறார்கள். ஏபி எழுதியவளுக்கு அது பழகின முகம்.

அஞ்சல்வழிப் பல்கலைக்கழகமான யூனிசாவில் இப்போதே டிகிரி சேர்க்கலாமா என்றும் கேட்டீர்கள். மெட்ரிக் சான்றிதழ் கையில் வராமல் டிகிரியில் சேர முடியாது.

சரி, அவளுக்கு ஏபி ஒத்துவருமா? என்னிடம் வரும் பிள்ளைகளிடம் பழைய ஏபி தாள் ஒன்றைக் கொடுத்து இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். விடை வருகிறதா என்று பார்ப்பதில்லை. போன மாதம் ஒரு பையன் மூன்று தடவை அடித்து எழுதி, நேரம் முடிந்த பிறகும் தாளைத் திருப்பித் தர மனமில்லாமல் இருந்தான். அவனைச் சேர்க்கச் சொன்னேன். பள்ளிக் கணக்கில் 85 வாங்கும் இன்னொருத்தி இரண்டாம் வரியிலேயே பேனாவை மூடிவிட்டாள்.

பள்ளிக் கணக்கு மதிப்பெண் 65-இல் நின்றால் ஏபியை விடுங்கள். முதலில் 80 தாண்டி, மெட்ரிக்கின் உச்சத் தரமான லெவல் 7 வரட்டும். பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளி பெரும்பாலும் மெட்ரிக் பாடங்களில்தான் ஏறும். அதற்காகப் பயந்து மேத்ஸ் லிட்ரசி என்ற எளிய கணக்குப் பாடத்துக்கு மாற்றிவிடாதீர்கள், இன்ஜினியரிங் கதவு அடைந்துவிடும். இன்னொன்று, பன்னிரண்டாம் கிரேடில் ட்ரயல் தேர்வு, அதாவது மெட்ரிக்குக்கு முந்தைய மாதிரித் தேர்வு, செப்டம்பரில், புரட்டாசி விரதத்தோடு வந்து மோதும். அந்த நேரத்தில் கூடுதல் பாடம் ஒன்று சுமைதான்.

டெர்ம் ரிப்போர்ட்டோடு வாருங்கள். அவளையும் கூட்டி வாருங்கள். போன தடவை முழுக்க நீங்களே பேசினீர்கள்.