பட்டறை உளியா, கடை உளியா?

மரவேலைக் கருவிகளைக் காய்ச்சி அடித்துச் செய்யும் கொல்லர் பட்டறைகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: தச்சு வேலை புதிதாகப் பழகுகிறேன். நாலு உளி கொண்ட செட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கொல்லர் ஒரே ஒரு உளிக்கு அந்த விலை சொல்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், தென்காசி

பதில்: பழகுவதற்கு என்றால் கடை உளியே போதும். ஃபேக்டரி உளி என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது சரியில்லை. நல்ல கம்பெனி உளியும் சிவக்கக் காய்ச்சி அடித்ததுதான், அச்சில் வைத்து இயந்திரச் சம்மட்டி அடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் உங்கள் கைக்கும் உங்கள் மரத்துக்கும் என்று கருவி வேண்டுமானால் அதைப் பட்டறையில்தான் செய்து வாங்க முடியும். வேம்பில் கதவு நிலைக்குத் துளை எடுப்பவருக்கு, உள்ளே விட்டு நெம்பினாலும் வளையாத தடித்த உடம்பு வேண்டும், வாயும், அதாவது வெட்டும் ஓரமும், கொஞ்சம் மொத்தமாக, சாய்வு 30 டிகிரிக்கு மேலேயே இருக்கலாம். தேக்கில் பூவேலை செய்கிறவர் அதே உளியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அவருக்கு மெல்லிசாக, 25 டிகிரிக்குப் பக்கத்தில், தட்டாமல் கையாலேயே தள்ளிச் சீவுகிற மாதிரி வேண்டும். கடைக்காரரிடம் போனால் முக்கால் இஞ்சா ஒரு இஞ்சா என்று அகலத்தை மட்டும் கேட்பார். விவரம் தெரிந்த கொல்லர் எந்த மரம், என்ன வேலை, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியால்) தட்டுவீர்களா சுத்தியலால் தட்டுவீர்களா என்று கேட்பார். இதில் ஒன்றைக்கூடக் கேட்காத பட்டறையில் நான் உளி செய்யச் சொல்ல மாட்டேன்.

அதனால் முதலில் செட்டை வாங்கி ஒரு வருஷம் வேலை பாருங்கள். எந்த அகலம் உங்கள் கையில் அடிக்கடி வருகிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒரு உளியை மட்டும் கொல்லரிடம் செய்து வாங்குங்கள். விலையில் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். கரி, இரும்பு, கூட நின்று சம்மட்டி அடிப்பவருக்குக் கூலி, எல்லாம் அந்த ஒரு உளியில்தான் வர வேண்டும்.

கேள்வி: பழைய லாரிப் பட்டையில் அடித்த உளி நல்லதா? சிலர் பழைய அரத்தில் செய்ததுதான் உசத்தி என்கிறார்களே?
– வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டும் நல்ல எஃகுதான், குணம்தான் வேறு. லாரியின் வில்பட்டையில் கார்பன் சுமார் 0.6 சதவீதம். அடி தாங்கும், சுலபத்தில் உடையாது, ஆனால் வாயின் கூர் ரொம்ப நேரம் நிற்காது. மரம் செதுக்கும் வாச்சி, கோடாலி, தடித்த துளை உளி இதற்கெல்லாம் அது அருமையான பொருள். நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்தைத் தாண்டும், அதனால் கூர் நிற்கும், அதே காரணத்தால் கைதவறிக் கீழே விழுந்தால் முனை தெறிக்கவும் செய்யும். இழைப்புளி பிளேடுக்கும் கையால் தள்ளிச் சீவுகிற மெல்லிய உளிக்கும் அது பொருந்தும். ஒரு எச்சரிக்கை, விலை குறைந்த அரங்களில் சில, மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட சாதா இரும்பு. நாலு தடவை சாணை பிடித்ததும் உள்ளே இருக்கிற மெத்து இரும்பு வெளியே வந்துவிடும்.

பழைய பேரிங்கில் செய்கிறவர்களும் உண்டு. கார்பன் 1 சதவீதம், கூடவே ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குரோமியம். அடிக்கக் கஷ்டம், சரியாக அடித்துவிட்டால் நன்றாக உழைக்கும்.

கேள்வி: ஒரே கொல்லரிடம் ஒரே பட்டையில் இரண்டு உளி செய்து வாங்கினேன். ஒன்றில் வாய் மடங்குகிறது, இன்னொன்றில் பல் பல்லாகத் தெறிக்கிறது. இரும்பு மோசமா, ஆள் ஏமாற்றினாரா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஏமாற்றவில்லை, இரும்பும் மோசமில்லை. தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய எஃகை முக்கிக் கடினமாக்கிப் பதப்படுத்துவதில், வந்த பிசகு. உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கையால் அடித்த கருவியின் மொத்த மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. உருவத்தை நாலு மாதம் பழகியவர்கூட ஓரளவு கொண்டுவந்துவிடலாம், தோய்ச்சல் அப்படி வராது.

எஃகைச் சிவக்கக் காய்ச்சும்போது அதிலுள்ள கார்பன் இரும்புக்குள் கரைந்து கலக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் அது பிரிந்து தனியாக ஒதுங்கிவிடும், எஃகு மெத்தென்று ஆகிவிடும். சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் பிரிய நேரமில்லாமல் அப்படியே மாட்டிக்கொள்ளும், எஃகு கண்ணாடி மாதிரி கடினமாகும், கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். எந்தச் சூட்டில் முக்குவது என்பதுதான் முதல் சிக்கல். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பைக் காந்தம் பிடிப்பது நின்றுபோகும், அதற்குச் சற்று மேலே, 800 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உளிக்குச் சரியான சூடு. அதற்கும் மேலே போய் ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறம் ஏறிவிட்டால் எஃகின் உள்ளே இருக்கிற மணிகள் (நுண்ணிய படிகங்கள்) பெருத்துவிடும், அப்படியே முக்கினால் வாய் தெறிக்கும். உடைந்த இடத்தைப் பாருங்கள், மணல் மாதிரி பரபரவென்று மின்னினால் சூடு அதிகம் போயிருக்கிறது, வழவழப்பான சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரி.

கொல்லுப் பட்டறைகள் ஏன் இருட்டாக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அங்கே நிறம்தான் தெர்மாமீட்டர். வெயிலில் பார்த்தால் 800 டிகிரி இரும்பு மங்கலாகத் தெரியும், இன்னும் காயட்டும் என்று விட்டுவிடுவோம், எஃகு கெட்டுவிடும்.

அடுத்தது கடினத்தைக் கொஞ்சம் இறக்குவது. நம் ஊர்க் கொல்லர்கள் பலர் இதை ஒரே காய்ச்சலில் முடிக்கிறார்கள். உளியின் நுனியை மட்டும் ஒரு இஞ்சு ஆழத்துக்கு முக்கி எடுத்து, உடனே ஒரு கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உடம்பில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல நுனிப் பக்கம் இறங்கி வரும், வரும்போது பளபளப்பின் மேல் நிறங்கள் ஓடும். 220, 230 டிகிரியில் வெளிறிய வைக்கோல் மஞ்சள், 250க்கு மேல் தவிட்டு நிறம், 280 வாக்கில் ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். கையால் தள்ளும் உளிக்கு மஞ்சளிலேயே நிறுத்தலாம், கொட்டாப்புளி அடி வாங்குகிற உளிக்கு மஞ்சள் கறுத்துத் தவிட்டு நிறத்துக்கு வரும்போது, வாச்சிக்கு ஊதாவைத் தொடும்போது. அந்த நிறம் வாயை எட்டின நொடியில் முழுவதையும் முக்கி நிறுத்திவிட வேண்டும். மெல்லிய உளியில் அந்த நிறங்கள் கடந்து போவது சில நொடிகள்தான், யாராவது பக்கத்தில் பேச்சுக் கொடுத்தால்கூடத் தவறிவிடும்.

இப்போது உங்கள் உளிகளுக்கு வருவோம். மடங்குகிற உளி போதிய சூடு ஏறாமல் முக்கியதாகவோ, நிறம் நீலத்தைத் தாண்டியதாகவோ இருக்கும். தெறிக்கிறதே, அது கடினத்தை இறக்காமல் விட்டது, அல்லது அதிகமாகக் காய்ந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள். பட்டறை உளியின் பெரிய வசதியே இதுதான், திரும்பக் காய்ச்சித் திரும்பத் தோய்க்கலாம். கையோடு ஒரு புது அரமும் கொண்டுபோய், அவர் முடித்ததும் வாயில் லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் கடித்து இறங்கினால் மெத்து, வழுக்கிக்கொண்டு போய், அழுத்தினால் மட்டும் லேசாகப் பிடித்தால் சரியாக இருக்கிறது.

கேள்வி: கிரைண்டரில் சாணை பிடித்தபோது உளியின் முனை நீலமாகிவிட்டது. தேய்த்தால் போகுமா?
– வாசகி, ஓசூர்

பதில்: நிறம் போகும், போன கடினம் திரும்பாது. முந்தைய பதிலில் சொன்ன 300 டிகிரியை அந்த முனை பார்த்துவிட்டது. நீலம் ஏறிய அளவுக்கு மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டு அதற்குப் பின்னால் இருக்கிற நல்ல எஃகில் புது வாய் பிடியுங்கள். இனிமேல் கிரைண்டர் பக்கத்தில் ஒரு டப்பாத் தண்ணீர் இருக்கட்டும், விரலுக்குச் சூடு தட்டுவதற்கு முன்பே முக்குங்கள். கடைசிக் கூரைக் கல்லில்தான் தீட்ட வேண்டும்.

கேள்வி: ஜப்பான் உளி ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு உலோகம் இருக்கிறது. உடம்பெல்லாம் மெத்து இரும்பு, அடியில் வாய்ப் பக்கம் மட்டும் ஒரு தகடு அளவுக்கு உயர்ந்த எஃகு, இரண்டையும் உலையில் காய்ச்சி அடித்தே ஒட்டவைக்கிறார்கள். அந்த எஃகில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் ஷிமானே மாநிலத்து யசுகி ஊரில் தயாராவது. அவ்வளவு கடினமான எஃகைத் தனியாக உளியாக்கினால் ஒரு அடிக்கே உடைந்துவிடும், பின்னால் இருக்கிற மெத்து இரும்பு அடியை வாங்கிக்கொள்வதால் நிற்கிறது. சாணையும் சுலபம், கடினமான பகுதி மெல்லிய கோடுதான். அடிப்பக்கம் லேசாகக் குழித்து விட்டிருப்பார்கள், கல்லில் சமப்படுத்தும்போது ஓரங்கள் மட்டும் தேய்ந்தால் போதும் என்பதற்காக.

இதற்குப் பேர்போன ஊர் கோபே நகரத்துக்கு அருகிலுள்ள மிகி. 1580இல் முற்றுகை முடிந்து கோட்டை விழுந்தபோது ஊரே பாழாகிக் கிடந்தது, திரும்பக் கட்டுவதற்குத் தச்சர்கள் வந்தார்கள், தச்சர்களுக்குக் கருவி செய்யக் கொல்லர்கள் வந்தார்கள், அப்படியே தொழில் தங்கிவிட்டது. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதை ஜப்பான் அரசு தடை செய்ததும், பிழைப்புப் போன வாள் கொல்லர்கள் பலர் உளி, இழைப்புளி, கத்தி என்று திரும்பினார்கள். வாளுக்குப் பழகிய கை உளிக்கு வந்தது அந்த நாட்டுத் தச்சர்களுக்குக் கிடைத்த வரம் என்றே நினைக்கிறேன். மிகியின் கருவிகளை 1996இல் பாரம்பரியக் கைவினைப் பொருளாக அரசு அறிவித்தது. கோபேயில் தச்சுக் கருவிகளுக்கென்றே தகெனகா அருங்காட்சியகம் 1984 முதல் இருக்கிறது. நம் வாச்சிக்கும் இழைப்புளிக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு, பழைய பட்டறைகள் மூடும்போது கருவிகள் எடைக்குப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வாங்கலாமா என்றால், நுணுக்கமான இணைப்பு வேலை செய்கிறவர் ஒன்று வாங்கலாம். நெம்பிப் பிளக்கிற வேலைக்கு வாங்காதீர்கள், வாய் போய்விடும்.

கேள்வி: பிடிக்கு எந்த மரம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: காய்ந்த கருவேலம். புளியும் நல்லது, ஆனால் அதைக் கொட்டாப்புளிக்கு வைத்துக்கொள்வது மேல். பச்சை மரத்தில் போட்டால் காயும்போது பிடி தளர்ந்து கழன்றுவிடும். சுத்தியலால் தட்டுகிறவர் என்றால் பிடியின் தலையில் ஒரு இரும்புப் பூண் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிளந்துவிடும்.

கேள்வி: பட்டறை உளி சீக்கிரம் துருப்பிடிக்கிறதே, தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: துருவைத் தடுக்கும் அளவுக்கு அதில் குரோமியம் இல்லை, உங்கள் ஊர்க் கடல் காற்றுக்குத் துரு வரத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுத்துப் போகும், தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயைத் துணியில் தொட்டு வேலை முடிந்ததும் ஒரு தடவை துடைத்து வையுங்கள். உப்பு பட்ட கையோடு தொடாதீர்கள். புளிய மரத்திலும் கருவேலத்திலும் வேலை பார்த்த அன்றைக்குக் கட்டாயம் துடைக்க வேண்டும், அந்த மரச்சாறு பட்ட இடம் ராத்திரிக்குள் கறுத்துவிடும்.