பைக்குள் என்ன தேடுகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 46 வயது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவள். தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். வேதாகமத்தை இரண்டு முறை முழுவதும் வாசித்து முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உபவாசம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொருளாளர். இவ்வளவு இருந்தும் மூன்று வருடமாக உள்ளே ஒரே வறட்சி. ஜெபத்தில் வாய் மட்டும்தான் அசைகிறது. சபையிலும் அன்பு இல்லை. அத்தையின் கண் ஆபரேஷன் செலவில் கொழுந்தன் பங்கு 11,000 ரூபாய், இன்றுவரை தரவில்லை. ஆனால் அவர் மனைவி ஞாயிறு தவறாமல் வந்து எனக்கு இரண்டு பெஞ்ச் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், ஆராதனையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் கொடுக்கும் நேரத்தில் காணிக்கை எடுப்பதுபோல் பைக்குள் குனிந்துகொள்வேன். அத்தை எங்களோடு இருக்கிறார். அவர் இப்போது கோயிலுக்கு வருவதில்லை, டிவியில் ஆராதனை பார்த்துக்கொள்கிறார். ஆவிக்குரிய வளர்ச்சிக்கு நான் வேறு சபைக்குப் போகலாமா? நல்ல தியான நூல் இருந்தால் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தியான நூல் எதையும் நான் சொல்லப்போவதில்லை. வேதாகமத்தையே இரண்டு முறை முடித்தவருக்கு இன்னொரு புத்தகம் எதற்கு?

உள்ளே வறட்சி, ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை, சபையில் அன்பில்லை என்று மாதம் இரண்டு கடிதமாவது எனக்கு வருகிறது. ‘எல்லாருக்கும் வருவதுதான், சோர்ந்துபோகாதீர்கள்’ என்று எழுதிவிட்டால் எனக்கும் வேலை முடிந்தது, உங்களுக்கும் ஒரு வாரத்துக்கு மனசு லேசாகும். எனக்கு அதில் இஷ்டமில்லை. உங்கள் கடிதத்தில் நாலரை மணி ஜெபத்தையும் உபவாசத்தையும் தாண்டி வந்துவிட்டேன். அந்தப் பையைத் தாண்ட முடியவில்லை.

ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் சங்கத்தின் பொருளாளர். கணக்கு நோட்டு, ரசீதுப் புத்தகம் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையைச் சனிக்கிழமையே தனியாக எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனாலும் குருவானவர் சமாதானம் என்று சொன்ன உடனே ஜிப்பைத் திறக்கிறீர்கள். கண்ணாடிக் கூட்டைத் தள்ளி, கர்ச்சீப்பைத் தள்ளி, வீட்டுச் சாவியைத் தள்ளி, இருக்கிற பணத்தை இல்லாததுபோல் தேடுகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், அப்புறம் வேறு பக்கம் திரும்பிவிடும். மூன்று வருடத்தில் எத்தனை ஞாயிறு என்று பொருளாளருக்கு நான் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் குனிந்து தப்பிக்கிற அந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாவதைப் பற்றி 1919-இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்றுதான் சென்னையில் சி.எஸ்.ஐ. என்று ஒன்றானார்கள். இருபத்தெட்டு வருடம். இடையில் எத்தனை மனஸ்தாபம், எத்தனை கமிட்டி! அப்படி ஒன்றானவர்கள் 1950-இல் தங்களுக்கென்று ஒரு திருவிருந்து ஆராதனை முறையை, அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ஆராதனைக்கான முறையை, அமைத்தபோது, கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து இந்தச் சமாதானத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இருவரும் இடது கையால் மற்றவர் கையை மூடிக்கொள்கிறார்கள். குருவானவர் கையிலிருந்து புறப்பட்டு, பெஞ்ச் பெஞ்சாகப் பின்னால் போகிறது. இப்போது சில சபைகளில் கும்பிட்டுக்கொள்வதோடு சரி; அது வேறு பேச்சு. முறைப்படி செய்ய இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பையைப் பிடித்திருக்கிற கையால் முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆராதனை முறையில் சமாதானம் முதலில் வருகிறது, காணிக்கை அதற்கு அப்புறம். அதற்குக் காரணம் மத்தேயு 5-ஆம் அதிகாரம், 23, 24 வசனங்கள். நீங்கள் இரண்டு முறை வாசித்து முடித்தவைதான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறது. நீங்களோ அந்தக் காணிக்கையையே சாக்காக வைத்து ஒப்புரவிலிருந்து தப்பிக்கிறீர்கள். அதுவும் வசனத்தில் ‘உனக்கு அவன்மேல் குறை உண்டென்று’ இல்லை. ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ இருக்கிறது. பணம் தராதது அவர்கள், பிறகு அவர்களுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். உங்கள் ஓர்ப்படியாள் எனக்குக் கடிதம் எழுதினால் தெரியும். அவள் கடிதத்திலும் ஒரு பை இருக்கும், அது உங்களுடையதாகத்தான் இருக்கும்.

என் ஆச்சி படித்தவள் இல்லை. கையெழுத்து மட்டும் போடுவாள். யாரோடாவது சண்டை நடந்த வாரம் கோயிலுக்கு வருவாள், பாடுவாள், பிரசங்கத்தில் தூங்குவாள், ஆனால் திருவிருந்துக்கு எழும்ப மாட்டாள். ‘இன்னைக்கு எனக்கு இல்ல’ என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரே பார்க்கும். திங்கள்கிழமை மத்தியானம் ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, தட்டு போட்டு மூடி, எதிர் வீட்டுக்குப் போவாள். என்ன பேசுவாள் என்று தெரியாது. வெறுங்கிண்ணத்தோடு திரும்பி வந்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

ஆச்சி தன் இஷ்டத்துக்குச் செய்கிறாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிற்பாடு பழைய ஜெபப் புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. நம் திருநெல்வேலிச் சபைகள் 1947 வரை ஆங்கிலிக்கன் சபைகள்தானே. 1662-ஆம் வருட ஜெபப் புத்தகத்தில் திருவிருந்துக்கு முன்னால் ஒரு விதி இருக்கிறது: பகையோடு இருக்கிற இரண்டு பேரை, அவர்கள் ஒப்புரவாகிற வரைக்கும் குருவானவர் பந்திக்குச் சேர்க்கக் கூடாது. ஒருவர் மனதார மன்னித்து, தன் தப்பையும் சரிசெய்யத் தயாராக இருந்து, மற்றவர் பிடிவாதம் பிடித்தால்? தயாராக இருப்பவரைச் சேர், பிடிவாதக்காரரைச் சேர்க்காதே என்று அதையும் சொல்லிவிடுகிறது. ‘நான் போய் நின்றும் அவள் பேசவில்லை என்றால்?’ என்று நீங்கள் அடுத்த கடிதத்தில் கேட்கப்போகிற கேள்விக்கு அதுதான் பதில். அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம்.

சரி, பணத்துக்கு வருவோம். ஆபரேஷன் செலவை இரண்டாகப் பிரித்தீர்கள். வலது கண் உங்களுக்கு, இடது கண் அவர்களுக்கா? பெற்ற தாய்க்குச் செய்கிற செலவில் மகனுக்குப் பங்கு என்று ஒன்று கிடையாது என்பது என் கட்சி. கையில் இருக்கிறவன் செய்வான், இல்லாதவன் வந்து இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வான். அவனிடம் இருந்தும் தரவில்லை என்றால் அது அவன் கணக்கு, அவன் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் கொடுத்ததைக் கடன் என்று எழுதிவைத்த நாளிலிருந்து அது அத்தைக்குச் செய்ததாக இல்லாமல் போய்விட்டது. கொழுந்தனுக்கு வட்டியில்லாமல் கொடுத்த பணம் ஆகிவிட்டது. அந்தப் பணத்தில்தான் தனக்குப் பார்வை வந்தது என்பது ஒவ்வொரு நாளும் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வீட்டுக்குள் இதெல்லாம் எத்தனை நாள் மறைத்துப் பேச முடியும்?

அத்தை ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டுவலி என்றால் மூட்டுவலி என்று எழுதியிருப்பீர்கள். நான் யூகிக்கிறேன், தப்பாக இருந்தால் திட்டி எழுதுங்கள். பெண்கள் பக்கம் இரண்டு மருமகள்களும் இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மா உள்ளே வந்தால் யார் பக்கத்தில் உட்காருவார்? உங்கள் பக்கம் உட்கார்ந்தால் பின்னால் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், திரும்பிப் பார்க்க வேண்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பிட உங்கள் வீட்டுக்குத்தானே வர வேண்டும். டிவியில் அந்தச் சங்கடம் இல்லை. பெஞ்ச் இல்லை, பை இல்லை. புதுக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த அம்மா முன்பின் தெரியாத சபையின் பாடகர் குழுவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. நாலரை மணிக்கு எழுந்து நீங்கள் எதற்காக ஜெபிக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வீட்டுக்கு வீடு போய் ஜெபிக்கிற சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறீர்கள், உங்கள் வீட்டுக் கூடத்தில் ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படவில்லையா? பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தவறாமல் கேட்டிருப்பீர்கள். மூன்றாவது வார்த்தை, ‘அதோ, உன் தாய்’. ஆணி அடித்த நிலையிலும் பெற்றவளை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போகிறார். யோவானும் அந்த நேரமுதல் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று இருக்கிறது. பங்கு கேட்டதாக இல்லை.

உங்கள் கணவரை நான் மறந்துவிடவில்லை. இந்தக் கதையில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வசதியாக மறைந்துகொண்டு, பகையைப் பெண்கள் பக்கத்துப் பெஞ்சுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எங்கும் நடப்பதுதான். பணம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது. ‘அந்த 11,000-ஐ இனி பேச மாட்டேன்’ என்று உங்கள் கணவர் தம்பியிடம் நேரில் சொல்லட்டும். நீங்கள் சொல்லி அனுப்பாதீர்கள். மூத்தவர் அவர்தானே. மூத்தவனாகப் பிறந்துவிட்டால் முதலில் இறங்கி வருவதும் அவன் வேலைதான், நியாயம் யார் பக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் அத்தையைக் கூட்டிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போங்கள். குருவானவரையோ கமிட்டிக்காரரையோ கூட்டிப் போகாதீர்கள், அது பஞ்சாயத்து ஆகிவிடும். ‘நான் உன்னை மன்னிச்சிட்டேன்’ என்று தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம். அதைவிடக் குத்தலான வார்த்தை நம் சபைகளில் கிடையாது. எதிரே நிற்பவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நாம் ஒரு படி மேலே ஏறிக்கொள்வது அது. ‘அத்தைக்குப் பிள்ளைகளைப் பார்க்கணுமாம், கூட்டிட்டு வந்தேன்’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. முறுக்கோ பனங்கற்கண்டோ ஏதாவது கையில் இருக்கட்டும். காபி கொடுத்தால் குடியுங்கள். முகம் கொடுக்கவில்லை என்றால் அத்தையை அங்கே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். அழுகை, கட்டிப்பிடித்தல் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். முதல் தடவை பெரும்பாலும் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வருவதுதான் நடக்கும். நடக்கட்டும்.

வேறு சபை? அங்கேயும் பெஞ்ச் இருக்கும், பின்னால் யாராவது உட்காருவார்கள். இரண்டு வருடத்தில் அவர்களோடும் ஒரு கணக்கு வந்துவிடும். இப்போதைக்கு அந்தப் பேச்சை விடுங்கள். வெள்ளிக்கிழமை உபவாசம் நடக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் மூன்று அதிகாரத்துக்குப் பதில் ஒரு அதிகாரம் போதும். அதையும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் விழுகிறமாதிரி சத்தமாக வாசியுங்கள். நாலரை மணிக்கு வேண்டாம், பாவம், ஆறு மணிக்கு எழுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை முந்தின ராத்திரியே வேதாகமத்துக்குள் வைத்துவிடுங்கள். பை வீட்டிலேயே இருக்கட்டும். கோயில் படிக்கட்டில் அத்தையைப் பிடித்து ஏற்ற ஒரு கை வேண்டும். உள்ளே போனதும் எங்கே உட்கார வேண்டும் என்று அவரையே கேளுங்கள், அவர் காட்டுகிற பெஞ்சில் நீங்களும் உட்காருங்கள்.