சிம்ஸ் 4: கல்லூரி வாழ்க்கை, மோட்கள், கோளாறுகள் – கேள்வி பதில்

கணினியில் ஆடும், சிம் எனும் பாத்திரங்களின் வாழ்க்கையை நடத்தும் 'தி சிம்ஸ் 4' பற்றி வந்த கேள்விகள் இவை. அதிகமானவை 2019 நவம்பரில் வெளியான 'டிஸ்கவர் யுனிவர்சிட்டி' என்ற கல்லூரிப் பொதியையும் அதன்மேல் போடும் மோட்களையும் (ஆடுபவர்கள் செய்து தரும் மாற்றுக் கோப்புகள்) தொடுகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை: ஆவணங்கள் கோப்புறைக்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4, அதற்குள் சேவ்ஸ் (ஆடிய ஆட்டத்தின் பதிவுகள்), ட்ரே (சேமித்த சிம்களும் வீடுகளும்) என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். அவற்றை வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு மேலே படியுங்கள். மோட் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சேவ் போனால் போனதுதான்.

கேள்வி: அக்கா, மோட் டவுன்லோட் பண்ணி மோட்ஸ் ஃபோல்டர்லதான் போட்டேன். கேம்ல ஒண்ணுமே வரல. என்ன தப்பு?

முதலில் ஆட்டத்துக்குள் கேம் ஆப்ஷன்ஸ் போய் 'அதர்' பக்கத்தைத் திறங்கள். கஸ்டம் கன்டென்ட்டுக்கு ஒரு கட்டம், ஸ்கிரிப்ட் மோடுக்கு இன்னொரு கட்டம் இருக்கும். இரண்டிலும் டிக் போட்டு, அப்ளை கொடுத்து, ஆட்டத்தை முழுக்க மூடித் திறக்க வேண்டும். மூடாமல் ஆடினால் மோட் ஏறாது. ஒவ்வொரு பேட்ச் (ஆட்டத்தின் புதுப்பிப்பு) வந்த பிறகும் ஆட்டம் இந்த இரண்டையும் தானாகவே அணைத்துவிடும். "நேற்று வேலை செய்தது, இன்று இல்லை" என்று வரும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு இதுதான் விடை.

டிக் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கோப்பைப் பாருங்கள். இறக்கியது ஜிப் கோப்பு என்றால் பிரித்துப் போட வேண்டும். ஜிப்பாகவே கிடந்தால் ஆட்டம் அதைத் தொடாது. உள்ளே இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். .பேக்கேஜ் என்று முடிவது உடை, பொருள், விதிமாற்றம் போன்றவை. .டிஎஸ்4ஸ்கிரிப்ட் என்று முடிவது பைத்தான் நிரல். இந்த இரண்டாவதும் உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான். அதனால் சில மென்பொருள்கள், மேக்கில் சஃபாரியும்கூட, அதையும் சேர்த்துப் பிரித்துவிடும். பிரிந்துபோனால் மோட் செத்துவிடும். .டிஎஸ்4ஸ்கிரிப்டை ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

அடுத்தது ஆழம். .பேக்கேஜ் கோப்பு மோட்ஸ் கோப்புறைக்குள் ஐந்து அடுக்கு உள்ளே இருந்தாலும் ஆட்டம் படிக்கும். ஸ்கிரிப்ட் அப்படியில்லை, ஒரே ஒரு அடுக்குதான். 'மோட்ஸ் – எம்சிசிசி – கோப்பு' (எம்சிசிசி என்பது எம்சி கமாண்ட் சென்டர் என்ற மோட்) சரி. 'மோட்ஸ் – ஸ்கிரிப்ட் – எம்சிசிசி – கோப்பு' என்று வைத்தால் ஏறாது. இதில் வம்பு என்னவென்றால், அதே மோடின் .பேக்கேஜ் பாதி மட்டும் ஏறிக்கொள்ளும். மெனுவில் பெயர் தெரியும், அழுத்தினால் எதுவும் நடக்காது. அப்படி அரைகுறையாக ஓடும் மோடைப் பார்த்தால் முதல் சந்தேகம் அடுக்கின் மேல் இருக்கட்டும்.

மோட்ஸ் கோப்புறையில் ரிசோர்ஸ்.சிஎஃப்ஜி என்ற சின்னக் கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த ஆழம்வரை படிக்க வேண்டும் என்று ஆட்டத்துக்குச் சொல்வது அதுதான். அழித்துவிட்டிருந்தால், மோட்ஸ் கோப்புறையை வேறு பெயருக்கு மாற்றி ஆட்டத்தை ஒருமுறை திறந்து மூடுங்கள். புதுக் கோப்புறையும் புது ரிசோர்ஸ் கோப்பும் தானாக வந்துவிடும். பழைய மோட்களை அதற்குள் நகர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: புது அப்டேட் போட்டதும் வீடு லோட் ஆகுது, ஆனா கீழ இருக்குற பட்டன், பணம், நேரம் எதுவும் தெரியல. வெறும் வீடு மட்டும் நிக்குது.

திரையமைப்பைத் தொடும் மோட் ஏதோ பழசாகிவிட்டது. யுஐ சீட்ஸ் எக்ஸ்டென்ஷன் போன்றவை ஆட்டத்தின் திரைக் கோப்புகளையே மாற்றி எழுதுகின்றன. ஆட்டத் தரப்பில் அந்தக் கோப்பு மாறியதும் இரண்டும் ஒத்துப்போகாது. தி சிம்ஸ் 4 கோப்புறையில் லாஸ்ட்யுஐஎக்ஸெப்ஷன் என்ற கோப்பு புதிதாக வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வகை மோட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ஆசிரியர் புதுப்பதிப்பு வெளியிடும்வரை பொறுங்கள். அந்த நிலையில் சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள்.

பேட்ச் தேதியை நீங்களே தீர்மானிக்க விரும்பினால் ஈஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) செயலியின் அமைப்புகளில் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வையுங்கள். மோட்கள் நிறைய வைத்திருப்பவர்கள் ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் புதுப்பிப்பது நல்ல பழக்கம். எது உடைந்தது, எது சரியானது என்று ஸ்கார்லெட்ஸ் ரெல்ம் இணையதளத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ப்ரோ, லாஸ்ட்எக்ஸெப்ஷன்னு ஒரு ஃபைல் வருது. திறந்தா கண்ணு கட்டுது. எந்த மோட் பிரச்சனைன்னு எப்படிக் கண்டுபிடிக்குறது? என்கிட்ட 400 ஃபைல் இருக்கு.

அது ஆட்டத்தில் பிழை நேரும்போது உருவாகும் அறிக்கை. அதில் T:\இன்கேம்\கேம்பிளே\ஸ்கிரிப்ட்ஸ் என்று தொடங்கும் வரிகள் ஆட்டத்தின் சொந்த நிரல். அவற்றைத் தாண்டிப் போங்கள். நடுவில் வேறு பாதையோ .டிஎஸ்4ஸ்கிரிப்ட் பெயரோ வந்தால் அந்த மோடைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ட்விஸ்டட்மெக்ஸி என்ற மோட் ஆசிரியரின் பெட்டர் எக்ஸெப்ஷன்ஸ் போட்டால் இந்த வேலையை அதுவே செய்து, உலாவியில் திறக்கும் அறிக்கையாகத் தரும். ஆனால் அறிக்கையில் பெயர் வந்தது என்பதாலேயே அந்த மோட் குற்றவாளி ஆகிவிடாது. எம்சி கமாண்ட் சென்டர் போன்ற பெரிய மோட்கள் ஆட்டத்தின் பல இடங்களில் கை வைத்திருப்பதால், வேறொன்று உடைத்தபோதும் அவற்றின் பெயர் வரியில் வரும்.

பெயரே வராதபோது பாதிப் பாதியாகப் பிரிக்கும் முறைதான் வழி. 400 கோப்பில் 200ஐ மேசைத்திரைக்கு நகர்த்துங்கள். தி சிம்ஸ் 4 கோப்புறையில் உள்ள லோக்கல்தம்ப்கேஷ் என்ற .பேக்கேஜ் கோப்பை அழியுங்கள். இதை ஒவ்வொரு சுற்றிலும் அழிக்க வேண்டும்; ஆட்டம் அதைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். பிறகு புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கிக் கோளாறு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உள்ளே இருக்கும் 200இல் இருக்கிறது, வராவிட்டால் வெளியே இருக்கும் 200இல். கோளாறுள்ள பாதியை மறுபடி 100, 50, 25 என்று பிரித்துக்கொண்டே போனால் ஒன்பது சுற்றுக்குள் ஒரு கோப்பில் வந்து நிற்கும்.

இதில் இடறும் இடங்கள் மூன்று. ஒரே மோடின் .பேக்கேஜும் ஸ்கிரிப்டும் எப்போதும் சேர்ந்தே நகர வேண்டும். எக்ஸ்எம்எல் இன்ஜெக்டர், லாட் 51 கோர் லைப்ரரி, சிம்ஸ் 4 கம்யூனிட்டி லைப்ரரி ஆகியவை மற்ற மோட்கள் சாய்ந்து நிற்கும் தூண்கள். அவற்றைப் புதுப்பித்து, எல்லாச் சுற்றிலும் உள்ளேயே வைத்திருங்கள். மூன்றாவது, சோதனையை உங்கள் சொந்த சேவில் செய்யவே கூடாது. மோட் இல்லாமல் அதைத் திறந்து சேவ் கொடுத்தால் அந்த மோட் தந்த பொருள்கள் வீட்டிலிருந்து மறைந்துவிடும், மோட் தந்த வேலையில் இருந்த சிம் வேலையிழந்து நிற்கும்.

அதே நபர் மறுபடி: ரெண்டு பாதியிலயும் தனித்தனியா பிரச்சனை வரல ப்ரோ. சேர்த்தா மட்டும் வருது.

அப்படியானால் இரண்டு மோட்களுக்குள் மோதல். ஆட்டத்தின் ஒவ்வொரு விதிக்கும் ஒரு அடையாள எண் உண்டு. இரண்டு மோட்கள் ஒரே எண்ணை மாற்றி எழுதினால் ஒன்றுதான் நிலைக்கும். மற்றது பாதியில் தொங்கும். முதல் பாதியை முழுக்க உள்ளே வைத்துக்கொண்டு, இரண்டாவது பாதியை மட்டும் பிரித்துப் பிரித்துச் சேருங்கள். அதில் ஒரு மோட் அகப்பட்டதும், அதை வைத்துக்கொண்டு முதல் பாதியைப் பிரியுங்கள். கண்டுபிடித்த பிறகு இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியதுதான். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மோட், உதாரணமாக வீட்டுப்பாட வேகத்தை மாற்றும் இரண்டு, வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அடிக்கடி வரும்.

கேள்வி: என் சிம் பிரைட்செஸ்டர் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். வகுப்பு நேரம் வந்தாலும் போகாமல் நிற்கிறாள். நான் போகச் சொன்னாலும் வரிசையிலிருந்து உடனே விழுந்துவிடுகிறது.

வரிசையில் ஏறி உடனே விழுவது விதி சிக்கிக்கொண்டதன் அறிகுறி. கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்திக் கட்டளைப் பெட்டியைத் திறந்து, ரீசெட்சிம் என்று எழுதி இடைவெளி விட்டு அவள் முதற்பெயர், மறுபடி இடைவெளி விட்டுக் குடும்பப்பெயர் கொடுங்கள் (ஆங்கில எழுத்தில்தான்). அது போதாவிட்டால் மேனேஜ் வேர்ல்ட்ஸ் திரைக்குப் போய்த் திரும்பி வாருங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மோட்களில் பாருங்கள். பல்கலைக்கழகம், வேலை, சிம்களின் தன்னிச்சை நடத்தை ஆகியவற்றை மாற்றும் மோட்களை மட்டும் முதலில் வெளியே எடுத்துப் புது ஆட்டத்தில் ஒரு மாணவரைச் சேர்த்துச் சோதியுங்கள். எல்லா மோட்களையும் பிரிக்கத் தேவையில்லை. இந்த இனத்தில் உங்களிடம் பத்துக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு. அவற்றில் கடைசியாகப் புதுப்பித்த தேதி பேட்ச் தேதிக்கு முந்தியதாக இருப்பதை முதலில் எடுங்கள்.

இன்னொன்று: டேர்ம் பேப்பரை (பருவக் கட்டுரை) எழுதி முடித்தால் மட்டும் போதாது, கணினியில் சமர்ப்பிக்கவும் வேண்டும். மதிப்பெண் குறைந்ததை மோட் கோளாறு என்று எடுத்துக்கொண்டு வருபவர்கள் முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு டேர்முக்கு நாலு பாடம் எடுக்கலாமா, மூணு போதுமா?

பட்டத்துக்கு 12 கிரெடிட், பாடத்துக்கு ஒன்று. நான்கு எடுத்தால் மூன்று டேர்ம், மூன்று எடுத்தால் நான்கு டேர்ம். முதல் டேர்மில் மூன்று எடுத்துப் பழகுங்கள். தூக்கம், பசி எல்லாவற்றையும் மோட் வைத்துக் கட்டுப்படுத்துபவர்கள் நான்கே எடுக்கலாம்.

கேள்வி: விடுதியில் இருக்கும் அறைத்தோழர்கள் கிரீடம், சிறகு, நீச்சலுடை என்று விசித்திரமாக உடுத்தி வருகிறார்கள். இதை எப்படி நிறுத்துவது?

ஆட்டம் புதிய சிம்களை உருவாக்கும்போது உங்கள் கோப்புறையில் உள்ள எல்லா உடைகளிலிருந்தும் தானாக எடுக்கிறது. உடையைச் செய்தவர் "சீரற்ற தேர்வுக்கு அனுமதி" என்ற குறியை எடுக்காமல் விட்டிருந்தால் கிரீடமும் அந்தப் பட்டியலில் இருக்கும். சிம்ஸ் 4 ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் பேட்ச் ஃபிக்ஸ் (Batch Fix, பல கோப்புகளை ஒன்றாகத் திருத்துவது) பகுதியில், உடைகளுக்கான பிரிவில், இந்தக் குறியை எல்லாக் கோப்புகளிலும் ஒரே மூச்சில் நீக்கும் வசதி இருக்கிறது. ஓட்டுவதற்கு முன் மோட்ஸ் கோப்புறையை நகலெடுங்கள். ஏற்கெனவே உருவான அறைத்தோழர்களின் உடை இதனால் மாறாது. எம்சி கமாண்ட் சென்டரின் டிரஸ்ஸர் பகுதியால் அவர்களை மாற்றலாம்.

கேள்வி: முடி இல்லாமல் மொட்டையாக நிற்கிறார்கள், சிலர் உடலில் சிவப்புக் கேள்விக்குறி.

கேள்விக்குறி என்றால் அந்தப் பொருளின் வடிவக் கோப்பு இல்லை. நிறத்தை மட்டும் மாற்றும் மோடை இறக்கி, அது சார்ந்த மூல வடிவத்தை இறக்காமல் விட்டிருப்பீர்கள். இறக்கிய பக்கத்தில் 'மெஷ் தேவை' என்று எழுதியிருக்கும் (மெஷ் என்பது அந்த மூல வடிவம்). மொட்டைக்கு முதலில் லோக்கல்தம்ப்கேஷை அழியுங்கள். அப்படியும் இருந்தால் அந்த முடிக் கோப்பே கோப்புறையில் இல்லை என்று பொருள்.

கேள்வி: மூணு தலைமுறை ஆடின சேவ் திறக்க மாட்டேங்குது அண்ணா. அழுகையா வருது. ஏதாவது வழி இருக்கா?

பெரும்பாலும் இருக்கிறது, கலங்க வேண்டாம். மேலே சேவ் கொடுக்காமல் நிறுத்துங்கள். லோட் கேம் திரையில் அந்த சேவின் பக்கத்திலேயே மீட்கும் பொத்தான் உண்டு. பழைய நகல்களைத் தேதியோடு காட்டும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பொத்தான் உதவாவிட்டால் கையால் செய்யலாம். சேவ்ஸ் கோப்புறையில் ஸ்லாட்_00000002.சேவ் போன்ற கோப்பும், அதே பெயரோடு .வெர்0 முதல் .வெர்4 வரை ஐந்து நகல்களும் இருக்கும். வெர்0 ஆகப் புதியது. அதை நகலெடுத்து, வேறு எந்த சேவும் பயன்படுத்தாத எண்ணுடன், ஸ்லாட்_00000012.சேவ் என்பது போலப் பெயர் மாற்றுங்கள். கடைசியில் இருக்கும் .வெர்0ஐ நீக்க மறக்க வேண்டாம். ஆட்டத்தைத் திறந்தால் புது சேவாக வரும். அதுவும் திறக்காவிட்டால் வெர்1, வெர்2 என்று பின்னோக்கிப் போங்கள்.

மூலக் காரணத்தையும் பாருங்கள். விண்டோஸ் ஆவணங்கள் கோப்புறையை ஒன்டிரைவுக்குள் கொண்டுபோயிருந்தால், ஆட்டம் எழுதும் அதே நேரத்தில் ஒன்டிரைவும் அதே கோப்பைப் பதிவேற்ற முயலும். சேவ் தோல்வி, பழைய சேவ் திரும்பி வருவது, மோட்கள் காணாமல் போவது எல்லாம் இதனால் நேர்கின்றன. ஒன்டிரைவ் அமைப்புகளில் ஆவணங்களின் ஒத்திசைவை நிறுத்தி, கோப்புறை கணினியின் சொந்த வட்டுக்குத் திரும்பியதா என்று உறுதி செய்யுங்கள். சேமிக்கும்போது 'பிழை எண் 0' வந்தால் வைரஸ் தடுப்பியில் கோப்புறைப் பாதுகாப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் ஆட்டத்துக்கு அனுமதி கொடுங்கள். இனிமேல் ஒரே பெயரில் சேவ் செய்யாமல் 'சேவ் ஆஸ்' கொடுத்து இரண்டு மூன்று பெயர்களில் மாறி மாறி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லோடிங் பத்து நிமிடம் ஆகிறது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைக்கலாமா?

உடை, முடி, தளவாடம் ஆகியவற்றை இணைக்கலாம்; சிம்ஸ் 4 ஸ்டூடியோவில் மெர்ஜ் வசதி இருக்கிறது. வகைவாரியாக இணையுங்கள், முடி தனி, சட்டை தனி என்று. அப்போது பழுது வந்தால் தேடுவது எளிது. விதிகளை மாற்றும் மோட்களை இணைக்கவே வேண்டாம். ஒரு பேட்சில் ஒன்று உடைந்தால் முழுப் பொதியையும் பிரித்துத்தான் அதை வெளியே எடுக்க முடியும். ஸ்கிரிப்ட் கோப்புகளை இணைக்க இயலாது. இணைப்பதற்கு முந்திய தனிக் கோப்புகளை வேறு வட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: மோட்ல வைரஸ் வருமா?

வரும். 2024 மார்ச்சில் சில ஸ்கிரிப்ட் மோட்களுக்குள் கடவுச்சொல் திருடும் நிரல் கண்டுபிடிக்கப்பட்டது. .பேக்கேஜ் கோப்பு தன்னளவில் கணினியில் நிரலை ஓட்டாது, ஆனால் ஸ்கிரிப்ட் என்பது உங்கள் கணினியில் ஓடும் பைத்தான். ஆசிரியரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நீண்ட நாள் அசையாமல் கிடந்த மோட் திடீரென்று புதுப்பிக்கப்பட்டால் சில நாள் பொறுங்கள். மோட் என்று சொல்லி .இஎக்ஸ்இ கோப்பு வந்தால் தொடாமல் அழியுங்கள். ட்விஸ்டட்மெக்ஸியின் மோட்கார்டையும் மோட்ஸ் கோப்புறையில் போட்டு வைக்கலாம். சந்தேகமான ஸ்கிரிப்டை அது தடுத்து எச்சரிக்கும்.

கேள்வி: எல்லா மோடையும் எடுத்தும் கோளாறு போகவில்லை. இனி?

அப்படியானால் கோளாறு ஆட்டத்தில் இருக்கிறது. ஈஏ செயலியில் ஆட்டத்தின் மூன்று புள்ளியை அழுத்தி ரிப்பேர் கொடுங்கள். ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால் அதில் ப்ராப்பர்டீஸ், இன்ஸ்டால்ட் ஃபைல்ஸ் போய்க் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே உங்கள் சேவைத் தொடாது. அதற்கும் தீராவிட்டால் ஆவணங்களில் உள்ள தி சிம்ஸ் 4 கோப்புறை முழுவதையும் மேசைத்திரைக்கு நகர்த்தி ஆட்டத்தைத் திறங்கள். புதுக் கோப்புறை உருவாகும். அதில் ஆட்டம் ஒழுங்காக ஓடினால், மூடிவிட்டுப் பழையதிலிருந்து சேவ்ஸ், ட்ரே, ஸ்கிரீன்ஷாட்ஸ் மூன்றை மட்டும் கொண்டுவாருங்கள். ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு மோட்களைச் சிறு சிறு கட்டாகச் சேருங்கள், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சோதனை. ஆப்ஷன்ஸ் கோப்பைப் பழையதிலிருந்து எடுக்காதீர்கள். திரை அளவு, ஒலி அமைப்புகளைப் புதிதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.