இன்டெல் கம்ப்யூட்டரில் 'ஏஎம்டி64' என்று காட்டினால் தப்பா?

கேள்வி: திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் பவர் டேபிள் (பனியன் தைக்கும்) யூனிட் வைத்திருக்கிறேன். பில் போடும் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் ஐ3. மகன் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்கிற இலவச லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். சர்வீஸுக்கு வந்தவர், "உள்ளே ஏஎம்டி64 கெர்னல் இருக்குது, ப்ராசசர் சூடாகிப் போயிரும், இன்டெல் கெர்னல் போட 3,000 ரூபாய் ஆகும்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாங்க. மகன் ஏற்றியது சரிதான். கெர்னல் என்பது உபுண்டுவின் மையப் பகுதி; அது ப்ராசசருக்குப் பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டர் பூட்டே ஆகாது. உங்களுடையதில் பில் ஓடிக்கொண்டிருக்கிறதே.

ஏஎம்டி64 என்பது ஒரு 64 பிட் ப்ராசசர் முறையின் பெயர். அதை உருவாக்கியது இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி. 2003இல் அவர்கள் ப்ராசசரில் வந்தது. அடுத்த வருஷமே இன்டெலும் அதையே எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. கெர்னலுக்குள் இதற்கு எக்ஸ்86_64 என்று பெயர். இன்டெல் மிஷினில் ஓடும் விண்டோஸ்கூட உள்ளுக்குள் ஏஎம்டி64 என்றுதான் குறித்து வைத்திருக்கிறது. பெயரை மாற்றினால் அதை நம்பி எழுதிய பழைய புரோகிராம்கள் நின்றுவிடும் என்கிறார்கள். சரி, மாற்ற வேண்டாம். பெயர் திரையில் வருகிற இடத்தில் 'இன்டெலுக்கும் இதுதான்' என்று ஒரு வரி சேர்க்கக்கூடவா இருபது வருஷம் போதவில்லை? அந்த ஒரு வரி இல்லாததில்தான் இப்படி ஆட்கள் பிழைக்கிறார்கள்.

ஒரே ஒரு பெயரில் மட்டும் கவனம் வேண்டும்: ஐஏ64. ஐஏ என்றால் இன்டெல் ஆர்க்கிடெக்சர். நம்முடையது இன்டெல்தானே, இதைப் போடலாமே என்று தோன்றும். அது இன்டெல் செய்ததுதான், ஆனால் இட்டானியம் என்கிற, முழுக்க வேறான சர்வர் ப்ராசசருக்கானது. 2024 தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 6.7 கெர்னலில் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். ஆக, இன்டெல் பெயரில் இருப்பது உங்கள் இன்டெலில் ஓடாது; ஏஎம்டி பெயரில் இருப்பது ஓடும். குழப்பமாக இருந்தால் இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொல்லும் 'இன்டெல் கெர்னல்' என்று தனியாக எதுவும் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு அதே உபுண்டுவைத் திரும்ப ஏற்றுவார், இல்லையென்றால் திருட்டு விண்டோஸைப் போடுவார். இரண்டிலும் டிஸ்க் ஃபார்மட் ஆகும், ஜிஎஸ்டி பில் எல்லாம் போகும். "கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கிறேன்" என்றால் கொடுத்துவிடாதீர்கள். ரேம் மாறித் திரும்பி வந்த மிஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து டிஸ்க்கின் பெயரைக் காட்டி, "எஸ்டிஏன்னா ஸ்கஸி டிஸ்க், மாத்தணும்" என்று ஆரம்பிக்கலாம். ஸ்கஸி என்பது டிஸ்க்கை இணைக்கும் ஒரு பழைய முறை. எஸ்டி என்பது அந்தக் காலத்துப் பெயர்தான், ஆனால் இன்று சாதாரண சாட்டா டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான் வரும். எஸ்டிஏ, எஸ்டிபி வரிசை ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மாறக்கூடும். அதனால் எதையாவது ஃபார்மட் செய்வதானால் பெயரை நம்பாமல், எத்தனை ஜிபி என்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள் மகனிடம்.

மிஷின் நிஜமாகவே சூடாகிறதா? பனியன் யூனிட்டில் பறக்கிற பஞ்சு ப்ராசசர் ஃபேனில் அடைந்திருக்கும். பவரை நிறுத்திவிட்டு, பிளோயர் வைத்து ஊதி எடுத்தால் போதும்.