ஹெல்த் 91 காட்டினால் எஸ்எஸ்டியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கணினியில் 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) இருக்கிறது. கீபோர்டு பழுதுக்காகக் கொடுத்த இடத்தில், "டிஸ்க்கின் ஹெல்த் 91 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, எஸ்எஸ்டிக்கு மூன்று நான்கு வருடம்தான் ஆயுள், இப்போதே மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். மாற்றாவிட்டால் பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதுவது), ஹைபர்னேஷன் (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைப்பது) இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்கள். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். பழைய 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் அவற்றை நகலெடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அது போதுமா?

பதில்: மாற்ற வேண்டாம். கீபோர்டைச் சரிசெய்யக் கொடுத்தவரிடம் டிஸ்க்கை விற்கப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இதுவரை எழுதிய மொத்த அளவு 27 டிபி. உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளர் உறுதி தரும் எழுத்து அளவு 300 டிபி. 300-ல் 27 போனால் 9 சதவீதம், மீதி 91. அந்த எண் சொல்வது ஏறக்குறைய இந்தக் கழித்தல் கணக்கைத்தான். மூன்று வருடத்தில் 27 டிபி என்றால் நாளுக்குச் சுமார் 25 ஜிபி. இதே வேகத்தில் போனால் 300-ஐத் தொட முப்பது வருடம் தாண்டும். தொட்டாலும் டிஸ்க் அன்றே நின்றுவிடாது. என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிகளில் பயன்பாட்டுச் சதவீதம் நூறைத் தாண்டியும் ஏறும்படிதான் விதியே வைத்திருக்கிறார்கள். 300 டிபி என்பது வாரண்டிக்காகப் போட்ட கோடு.

எழுதி அழிக்கும்போதுதான் சிப்பில் உள்ள செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. படிப்பதால் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. ஒரே இடம் தேயாமல் எல்லாச் செல்களுக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுப்பது உள்ளே இருக்கும் கன்ட்ரோலரின் பொறுப்பு. அதனால் பேஜ் ஃபைலையோ ஹைபர்னேஷனையோ நிறுத்தி மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. பேஜ் ஃபைலை நிறுத்தினால் நினைவகம் போதாமல் புரோகிராம்கள் மூடிக்கொள்ளக்கூடும். விண்டோஸ் வாராவாரம் செய்யும் "ஆப்டிமைஸ்" வேலையையும் நிறுத்தாதீர்கள், அதன் போக்கில் ஓடட்டும். அது ஹார்ட் டிஸ்க்கில் சிதறிய ஃபைல்களை அடுக்கும் பழைய டீஃப்ராக் இல்லை. அழித்த ஃபைல்கள் எவை என்று டிஸ்க்குக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை. டிஸ்க்கில் பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக இருக்கட்டும். எஸ்எஸ்டியின் ஆயுளைக் கூட்டுவதாகச் சொல்லும் "பூஸ்டர்" மென்பொருள் எதையும் தொடாதீர்கள்.

சரி, பயமே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அந்தச் சதவீதத்தைப் பார்த்து அல்ல. வீட்டுக் கணினியில் எஸ்எஸ்டி சாவது பெரும்பாலும் தேய்ந்து அல்ல, திடீரென்று. கன்ட்ரோலர் போகும், மின்சாரம் பாதியில் போய், எந்தத் தகவல் எந்தச் செல்லில் என்று குறித்திருக்கும் உள் அட்டவணை குழம்பும், இல்லையென்றால் டிஸ்க்கை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் பிழை இருக்கும். 2019-ல் எச்பிஇ நிறுவனம் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் அவை செத்துவிடும், தகவலும் திரும்பாது, உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்று. அந்த நேரத்தில் அவற்றின் ஹெல்த் என்ன காட்டியிருந்தாலும் பயன் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்காவது கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்று இரவு வரை ஓடியிருக்கும், காலையில் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) பெயரே வராது.

ஆகவே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவியைத் திறந்தால் வேறு இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒன்று, மீடியா பிழைகளின் எண்ணிக்கை, அதாவது தகவலைச் சரியாகத் திரும்பப் பெற முடியாமல் போன தடவைகள். இது பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் ஹெல்த் 99 என்றாலும் மாற்றுங்கள். இன்னொன்று, கெட்டுப்போன செல்களுக்கு மாற்றாக ஒதுக்கி வைத்த உதிரிச் செல்களில் மீதமுள்ள சதவீதம். இது 100-லோ அதன் பக்கத்திலோ நிற்க வேண்டும். அந்தக் கருவி மூல எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும். 1ஏ என்று வந்தால் 26 என்று பொருள். அமைப்புகளில் போய் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரை மிரட்ட இந்த எண்களைக் காட்டுகிறவர்கள் அதை மாற்றிக் காட்டுவதில்லை.

இன்னொரு விஷயம், இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன்: கணினியைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் அதே திரையில் மாடல் பெயர், சீரியல் எண், ஓடிய மணி நேரம் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்ததும் ஒப்பிடுங்கள். நல்ல டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். "புதிது" என்று விற்பதில் ஓடிய மணி நேரம் ஆயிரக்கணக்கில் இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். ஆனால் பூஜ்யம் காட்டுவதையும் முழுசாக நம்பாதீர்கள், அதையும் அழித்து எழுதத் தெரிந்தவர்கள் உண்டு. நம்ப முடியாத விலையில் 16 டிபி வெளிப்புற எஸ்எஸ்டி என்று வருவதைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும். விண்டோஸ் 16 டிபி என்றே காட்டும். நகலெடுக்கும்போது எல்லாம் சரியாகப் போவது போல இருக்கும், ஒரு அளவுக்கு மேல் பழையதன் மேலேயே புதியது விழும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி டிஸ்க் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பெரிய டிஸ்க்கில் நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

கடைக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரே மாடல் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சிப்பை மட்டமானதாக மாற்றி, 2021-ல் பெரிய பிராண்டுகளே மாட்டிக்கொண்டன. முன்னால் வந்த விமர்சனத்தைப் படித்து வாங்கியவருக்கு வேறு பொருள் போய்ச் சேர்ந்தது. அட்டைப்பெட்டியில் வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், செல்லுக்கு மூன்று பிட்டா நான்கு பிட்டா என்பதை எங்காவது எழுதினால் குறைந்தா போய்விடும்? அடுத்த முறை வாங்கும்போது டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) என்று வெளிப்படையாகப் போட்டிருப்பதை, ஐந்து வருட வாரண்டியோடு வாங்குங்கள்.

இப்போது அலமாரியில் இருக்கும் 256 ஜிபி. எனக்கு உண்மையில் கவலை தருவது அதுதான். எஸ்எஸ்டி தகவலைச் செல்லுக்குள் சிறைப்பட்ட மின்னூட்டமாக வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். மூடி இறுக்கமில்லாத புட்டியில் ஊற்றி வைத்த அத்தர் போல. ஜெடெக் என்ற தர அமைப்பு இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும். இதைப் பாதி படித்துவிட்டு, ஒரு வருடத்தில் எல்லாம் அழிந்துவிடும் என்று பரப்புகிறார்கள். அப்படி இல்லை. தனக்கு உறுதி தரப்பட்ட எழுத்து அளவை முழுவதும் தீர்த்துவிட்ட டிஸ்க்குக்கான குறைந்தபட்சம் அது. புதிய டிஸ்க் அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் உங்களுடையது ஒரு கணினியில் வருடக்கணக்கில் உழைத்து ஓய்ந்த டிஸ்க். அலமாரி வெயில் படும் சுவரில் இருந்தால் இன்னும் மோசம். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். சிலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி எடுத்தால் போதும் என்பார்கள். செருகினால் மட்டும் எல்லா டிஸ்க்கும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. எல்லா ஃபைல்களையும் ஒருமுறை படிக்க வேண்டும். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினால் இன்னும் நல்லது. அதை நீங்கள் செய்யப் போவதில்லை, யாரும் செய்வதில்லை. பேசாமல், கடைக்காரர் புது எஸ்எஸ்டிக்குக் கேட்ட பணத்தில் ஒரு சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை நகலெடுங்கள். இன்னொரு பிரதி வீட்டுக்கு வெளியே, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். இந்த வாரமே செய்யுங்கள், கீபோர்டு அப்புறம்.

செத்த எஸ்எஸ்டியிலிருந்து மீட்டுத் தருகிறோம் என்பவர்களை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். தகவல் பல சிப்புகளில் சிதறி, பெரும்பாலும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுக் கிடக்கும்; கன்ட்ரோலர் போனால் சாவியும் போச்சு. தவறுதலாக அழித்த ஃபைலையும் டிரிம் துடைத்திருக்கும்.

வாரண்டி என்பது டிஸ்க்குக்கு மட்டும்தான், படங்களுக்கு அல்ல. புதியது வேண்டுமென்றால் செத்ததை அனுப்பச் சொல்வார்கள். இயங்காத டிஸ்க்கை நீங்கள் அழிக்க முடியாது, உங்கள் படங்கள் உள்ளே இருக்க அப்படியே முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். இந்த விதியை எழுதியவர் யாரோ, தன் டிஸ்க்கை ஒருமுறை அனுப்பிப் பார்க்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது, கணினி நன்றாக ஓடும்போதே விண்டோஸில் உள்ள மறையாக்க வசதியை இயக்கிவிடுவது. மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்; அதே கணினியில் சேமிக்காதீர்கள்.